அப்பா கையில் ஒட்டிய சுகர் சென்சார்: நான்கு மாத அனுபவம்

மார்கழியிலிருந்து இதுவரை அப்பாவுக்கு நான்கு சென்சார் ஒட்டிவிட்டோம். மேல்கையின் பின்பக்கம் ஒட்டுகிற, 14 நாள் ஓடுகிற, விரலைக் குத்தாமலே சுகர் எவ்வளவு என்று போனில் காட்டுகிற அந்த வட்டமான சமாச்சாரம்தான். வாங்கலாமா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள், எங்கள் சொந்தத்தில் சுகர் இல்லாத வீடு என்று ஒன்று இல்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் போடப்போவதில்லை. கடையில் கிடைப்பவை வேலை செய்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான், நான் சொல்லவேண்டியதும் கம்பெனியைப் பற்றியது இல்லை.

வீட்டில் 65, 70 தாண்டிய ஒருவர் இன்சுலின் போடுகிறார் அல்லது சுகரை வேகமாக இறக்குகிற மாத்திரை சாப்பிடுகிறார், கொஞ்ச நாளாக மறதியும் தடுமாற்றமும் தெரிகிறது என்றால் டாக்டரைக் கேட்டு ஒரு முறையாவது இதை ஒட்டிப் பாருங்கள். முக்கியமாக ராத்திரியில் சுகர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காக. நாங்கள் ஒரு வருடம் முன்பே செய்திருக்கவேண்டும்.

எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லும் மஞ்சளும். என்னைக் கட்டிக்கொடுத்தது திருப்பூரில், தம்பி கோயமுத்தூரில், தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்கு 73 வயது, சுகர் வந்து 21 வருடம். காலையும் சாயங்காலமும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று இரண்டு மாத்திரை (சுகரை வேகமாக இறக்குகிற மாத்திரை என்று மேலே சொன்னது இந்தக் கிளிமிபிரைடு வகைதான்), ராத்திரி இன்சுலின். மூன்று மாதச் சராசரி என்று எடுக்கிறோமே, எச்பிஏ1சி, அது அப்பாவுக்கு 6.4. அவர் வயதில் அவ்வளவு நன்றாக வைத்திருப்பவர் ஊரில் யாரும் கிடையாது. பங்காளி வீட்டுப் பெரியப்பா வந்தால் அப்பா ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் பங்குனியில் மஞ்சள் விற்றுவிட்டு வந்து கணக்குப் போட உட்கார்ந்தார். குவிண்டாலுக்கு இவ்வளவு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, தரகு போக மீதி இவ்வளவு என்று காகிதம் இல்லாமலே சொல்லுகிற மனிதர். அன்றைக்கு ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரே கூட்டலை மூன்று தடவை போட்டு, மூன்று தடவையும் வேறு வேறு விடை வந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீயே பாத்துக்க கண்ணு" என்றார். பெயர்கள் எதையும் அவர் மறக்கவில்லை. யாருக்கு யார் என்ன முறை, எந்த வீட்டுச் சீருக்கு எவ்வளவு செய்தோம் என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்லுவார். கணக்கும், ஒரு வேலையை வரிசைப்படி யோசித்துச் செய்வதும்தான் மெதுவானது. சுகர் மூளையைத் தொடும்போது பல பேருக்கு இப்படித்தான் தொடங்குமாம், ஞாபகத்தைவிட யோசிக்கிற வேகமும் திட்டமிடுகிற திறனும் அடிபடும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். மறதி என்றால் பெயரை மறப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

டாக்டரிடம் காட்டிய இடத்தில், "வயசானா இதெல்லாம் சகஜம், சுகர் அருமையா இருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி எட்டு மாதம் ஓட்டினோம்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன். கோபி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்காரர். அப்பாவை முப்பது வருடமாகத் தெரிந்தவர். "அம்மிணி, ஐயா வண்டிய நிறுத்திப்போட்டு அரை மணி நேரமா நிக்கறாருங்க, எதுக்கு வந்தேன்னு எங்கிட்டயே கேக்கறாரு, உக்கார வெச்சு ஒரு டீ குடுத்திருக்கறனுங்க" என்றார். நான் பதறியடித்துத் தம்பிக்குச் சொல்லி, அவன் கிளம்புவதற்குள் அப்பாவே கூப்பிட்டார், குரல் தெளிவாக: "உரக்கடைக்கு வந்தேன் கண்ணு, வாங்கிட்டுப் போறேன், ஒண்ணுமில்ல." டீ குடித்து இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டார். அந்த டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்தது என்பதை யாருமே யோசிக்கவில்லை. துப்பு கண்முன்னே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் கோயமுத்தூரில் வேறு ஒரு சுகர் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீக்கடை கதையை மட்டும் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் 6.4 என்று இருந்த ரிப்போர்ட்டைத் தட்டி, "எனக்கு இதுதான் பயமா இருக்குது" என்றார். இது சராசரி. பகலில் 220ம் ராத்திரியில் 50ம் சேர்ந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். ஐயாவுக்கு ஒரு சென்சார் ஒட்டிப் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

இனி பொருளைப் பற்றி. விலை ஒன்று ஏறத்தாழ 5,000 ரூபாய். 14 நாளைக்கு என்று வகுத்தால் நாளைக்கு 350க்கு மேல். எல்லோராலும் முடியாது, எங்களாலும் வருடம் பூராவும் முடியாது, அதற்கு என்ன செய்கிறோம் என்று கீழே எழுதுகிறேன். பெட்டிக்குள் ஒரு அழுத்தும் கருவி இருக்கும். கையைத் துடைத்துக் காயவிட்டு வைத்து அழுத்தினால் மயிரிழை போன்ற ஒரு கம்பி தோலுக்கடியில் போய்விடும், மேலே கோட்டுப் பொத்தான் போல ஒரு வட்டம் உட்கார்ந்திருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், முடிந்துவிட்டது என்றபோது நம்பவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அது "பொத்தான்". ஒரு மணி நேரம் கழித்து எண்கள் வர ஆரம்பித்தன. முதல் நாள் காட்டுவதை ரொம்ப நம்பாதீர்கள். எங்களுக்கு நான்கு தடவையில் மூன்று தடவை முதல் நாள் விரலில் பார்த்ததற்கும் சென்சாருக்கும் 30, 40 வித்தியாசம் வந்தது, இரண்டாம் நாளிலிருந்து ஒத்துப்போனது.

இதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், அது 20 அடிக்குள் இருக்கவேண்டும். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். தம்பியின் பழைய போனை ஒரு துணிப்பையில் போட்டு அப்பா தோளில் மாட்டிவிட்டோம், ராத்திரி கட்டில் பக்கத்து ஸ்டூலில். அங்கிருந்து இன்டர்நெட் வழியாகத் திருப்பூரில் என் போனுக்கும் வரும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். ஆனால் சாளையில் சிக்னல் சரியாக இருக்காது, மழை வந்தால் சுத்தமாகப் போய்விடும், அந்த நேரத்தில் எனக்கு எதுவும் வராது. அதனால் அம்மாவுக்கும் பழக்கிவிட்டேன். 70க்குக் கீழே இறங்கினால் அந்தப் போன் அலறும், அலறினால் என்ன செய்யவேண்டும் என்று அம்மாவுக்கு மனப்பாடம்.

நான்காம் நாள் ராத்திரி 3 மணி 10 நிமிடத்துக்கு என் போன் அலறியது. 54, அம்பு கீழ்நோக்கி. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா போனை அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டார், எனக்கு எல்லாம் கேட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டு, நிதானமான குரலில், "எருதுகளுக்குத் தண்ணி காட்டீட்டயா?" என்று கேட்டார். எருதுகளை விற்று ஆறு வருடம் ஆகிறது. "என்னுங் இப்புடிக் கேக்கறீங்க" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் இங்கிருந்து கத்தினேன், மொதல்ல விரல்ல பாரும்மா, அப்பறம் குளுக்கோஸ் கலக்கு என்று. விரலில் 51. மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், அரை டம்ளர் தண்ணீர், அப்பா குடித்தார். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை. லோ சுகர் என்றால் கை நடுங்கும், வேர்த்துக்கொட்டும் என்றுதான் நாம் தெரிந்து வைத்திருக்கிறோம். ரொம்ப வருடம் சுகர் இருந்த வயதானவர்களுக்கு அந்த எச்சரிக்கை மணியே மங்கிப்போய்விடும். பிரஷருக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும். குழப்பம் மட்டும்தான் வெளியே தெரியும், அதைப் பார்த்து நாம் வயதாகிவிட்டது என்போம்.

பதினைந்து நிமிடம் கழித்து விரலில் 96. சென்சார் அப்போதும் 61 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், சென்சார் அளப்பது ரத்தத்தில் இருக்கிற சுகரை இல்லை, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியிருக்கிற நீரில் இருப்பதை. ரத்தத்தில் ஏறியது அங்கே வந்து சேர 5லிருந்து 15 நிமிடம் ஆகும். சென்சாரில் ஏறவில்லையே என்று பயந்து மேலும் மேலும் குளுக்கோஸ் கொடுத்துவிடக் கூடாது. அவசரத்தில் விரல்தான் கணக்கு. அப்பா போர்வையை இழுத்துக்கொண்டு, "எதுக்கு இந்நேரத்துல எழுப்புன?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். எருது கேட்டது காலையில் அவருக்கு ஞாபகமே இல்லை. நான் விடியும்வரை தூங்கவில்லை. இப்படி எத்தனை ராத்திரி அலாரம் இல்லாமல் கழிந்திருக்கும் என்ற யோசனைதான்.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. அப்பா இடது பக்கம் சாய்ந்து படுப்பவர், முதல் சென்சார் இடது கையில். கையின் மேல் படுத்து அழுத்தினால் அந்த இடத்து நீரோட்டம் குறைந்து, சுகர் இறங்காமலே இறங்கியது போலக் காட்டும். ஆறாம் நாள் அலாரம் அப்படித்தான், சென்சாரில் 58, விரலில் 104. இரண்டாவதை வலது கையில் ஒட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டு ஒட்டுங்கள், கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

14 நாள் முடிந்து ரிப்போர்ட்டைப் பார்த்தபோது 70க்குக் கீழே இருந்த நேரம் 11 சதவீதம். அதாவது சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். கையை அழுத்திய கணக்கைக் கழித்தாலும் பயங்கரம்தான். இளவயதுக்காரர்களுக்கே 4 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், வயதானவர்களுக்கு 1 சதவீதத்துக்குள், கால் மணி நேரம்கூட வரக்கூடாது. அதே வயதானவர்களுக்கு 70க்கும் 180க்கும் நடுவில் பாதி நேரத்துக்கு மேல் இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது, அதுவும் பெரும்பாலும் குளுக்கோஸாக. சேர்த்து வைத்துக்கொள்ள அதற்குக் குதிர் எதுவும் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் நின்றால் அன்றைக்கே வாடுகிற நாற்று மாதிரி.

சுகர் ஏறினாலும் மூளைக்குக் கெடுதல்தான், அதை நான் மறைக்கவில்லை. கண், கிட்னி இவற்றின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுகர் எப்படிக் கெடுக்கிறதோ அதே போல மூளையில் இருப்பதையும் வருடக்கணக்கில் கெடுக்கும். சுகர் இருப்பவர்களுக்கு மறதி நோய் வருகிற வாய்ப்பு இல்லாதவர்களைவிட ஒன்றரை மடங்கு, ரத்தக் குழாய் அடைப்பால் வருகிற மறதி நோய் என்றால் இன்னும் கூடுதல். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களை வைத்து 1999ல் வந்த ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்கிறார்கள். பாதம், கண், கிட்னி என்று வருடா வருடம் பார்க்கிறோம், மூளையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்க நீரிழிவு சங்கம் 65 தாண்டிய சுகர்காரர்களுக்கு வருடம் ஒரு முறை ஞாபகச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறது. அப்பாவுக்கு 21 வருடத்தில் இந்த டாக்டர் வைத்ததுதான் முதல் தடவை.

ஆனால் ஏறினால் கெடுதல் என்பதால் எவ்வளவுக்கெவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தோமே, அங்கேதான் தப்பு. கலிபோர்னியாவில் சராசரி 65 வயதுள்ள 16,667 பேரைப் பின்தொடர்ந்து 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு லோ சுகர் ஒரு தடவை வந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 26 சதவீதம் கூடுதல், இரண்டு தடவை என்றால் 80 சதவீதம், மூன்றோ அதற்கு மேலோ என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. லோ சுகர்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லமுடியாது, மறதி தொடங்கியவர்களுக்கு லோ சுகர் அதிகம் வருவதும் உண்டு. 2013ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு அதைத்தான் காட்டியது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்று. இன்னொரு பெரிய சோதனையில் ஒரு கூட்டத்துக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே விடாப்பிடியாக இறக்கினார்கள், இன்னொரு கூட்டத்துக்கு 7லிருந்து 7.9க்குள் விட்டார்கள். 40 மாதம் கழித்துப் பார்த்தால் யோசிக்கிற திறனில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. விடாப்பிடியாக இறக்கிய கூட்டத்தில் சாவு அதிகமானதால் 2008லேயே அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். 6.4ஐக் காட்டிப் பெருமைப்பட்ட எனக்கு இதைப் படித்தபோது வயிறு கலங்கியது.

ஒன்றையொன்று இழுக்கும் என்பது எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. மாத்திரை பட்டை மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோவதை அம்மா கவனித்திருக்கிறார். அப்பா மாத்திரை போட்டதை மறந்து, சில நாள் மறுபடி போட்டிருக்கிறார். போட்டதும் தினசரிக் காலண்டர் தாளில் "மா" என்று எழுதிவைக்க அம்மா ஒரு ஏற்பாடு செய்தார், அப்பா காலையில் எழுந்ததும் வழக்கம்போல முதல் வேலையாகத் தாளைக் கிழித்துவிடுவார், எழுதியது அதோடு போய்விடும். சில நாள் அன்றைய தாளையும் சேர்த்துக் கிழித்திருக்கிறார். லோ சுகரால் மறதி, மறதியால் இரண்டு மாத்திரை, இரண்டு மாத்திரையால் மறுபடி லோ சுகர், அதனால் இன்னும் மறதி. இப்போது ஏழு நாளுக்கும் காலை மாலை என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஈரோட்டில் வாங்கிவந்தோம், 150 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பிப் பூட்டிவைப்பார். இன்சுலின் ஊசியை அம்மாதான் போடுகிறார். 5,000 ரூபாய் சென்சார் கண்டுபிடித்ததைச் சரிசெய்தது பாதிக்குப் பாதி இந்த டப்பாதான்.

மீதிப் பாதி டாக்டர். சாயங்கால கிளிமிபிரைடை நிறுத்தினார், ராத்திரி இன்சுலினைக் குறைத்தார், கிட்னி வேலை கொஞ்சம் குறைந்திருப்பதால் பழைய அளவு மருந்தே உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று விளக்கினார். எச்பிஏ1சி 7.5 பக்கம் இருந்தால் எனக்குச் சந்தோஷம், 8 வரை பரவாயில்லை என்றார். மெட்ஃபார்மின் இத்தனை வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், அதுவும் மறதியைக் கொடுக்கும் என்று ரத்தம் எடுத்தார், குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட ஆரம்பித்தார். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் வேலை, சென்சார் எண்ணைப் பார்த்து நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஞாபகச் சோதனையைப் பற்றிச் சொல்லவேண்டும். 30 மார்க்குக்கு. தேதி, இடம், ஐந்து வார்த்தையைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பது, இப்படி. நடுவில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஐயா, ஒரு கடிகாரம் வரைங்க, எல்லா எண்ணும் போடுங்க, மணி பதினொன்னு பத்துன்னு முள்ளு வைங்க" என்றார் டாக்டர். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். 12 எழுதினார், 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போனார், 9 வரும்போது வட்டத்தின் அடிப்பக்கம்தான் வந்திருந்தது. மீதி இரண்டு எண்ணையும் நெருக்கி எழுதிவிட்டு, இடது பக்கம் பூராவும் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய்க்கால் கரை நிழலை வைத்து மணி சொல்லுகிறவர். அப்புறம் முள்ளைப் 10லும் 11லும் வைத்தார். தாளை நகர்த்திவிட்டு, "இது சரியில்லீங், ஆனா எங்க தப்புன்னு தெரியலைங் டாக்டரம்மா" என்றார். தப்பு என்று தெரிவதே நல்ல அறிகுறி என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். 19 மார்க்.

பங்குனிக் கடைசியில் திரும்ப வைத்தார்கள். எண்கள் நாலாபக்கமும் சரியான இடத்தில், முள் மட்டும் மறுபடி 10லும் 11லும். 22 மார்க். ஏற்கெனவே ஒரு தடவை எழுதிய பழக்கத்திலேயே ஒன்றிரண்டு கூடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரே சொன்னார். ரத்தக் குழாயில் 21 வருடமாக ஆன சேதம் திரும்பாது. லோ சுகராலும் பி12 குறைவாலும் வந்த மங்கல்தான் கொஞ்சம் விலகியிருக்கிறது. இந்தப் பங்குனியில் மஞ்சள் கணக்கைத் தம்பிதான் போட்டான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "தரகு உட்டுட்ட பாரு" என்றார். விட்டுத்தான் இருந்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் சென்சார் சில நம்பிக்கைகளை உடைத்தது. நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வோம், அப்பா காபிக்கு அதுதான். வெள்ளைச் சர்க்கரை போட்ட நாளும் நாட்டுச் சர்க்கரை போட்ட நாளும் போனில் காட்டுகிற கோடு ஒரே மாதிரிதான் ஏறியது. ராகிக் களியும் நினைத்ததைவிட அதிகம் ஏற்றியது. அரிசியும் பருப்புமோ நெய்யோடு மெதுவாக ஏறி ரொம்ப நேரம் நின்றது. கொள்ளு, கீரை, கூடவே சாப்பிட்ட பிறகு வரப்பில் இருபது நிமிடம் நடப்பது, இதற்கெல்லாம் நல்ல பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் எண்ணைப் பார்த்து மனிதரைப் பாடாய்ப் படுத்தாதீர்கள். முதல் வாரம் நான் அப்படித்தான் செய்தேன். சந்தகைக்குத் தேங்காய்ப் பால் வேண்டாம் என்று போனிலேயே தடுத்தேன், அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோய்விட்டார், பசியோடு ராத்திரி ஊசி போட்டால் மறுபடி லோதான். வயதானவர்களுக்கு வயிறு நிறையவேண்டும், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஒட்டுவது பற்றி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் இது பெரிய பிரச்சினை. முதல் சென்சாரில் பொத்தானைச் சுற்றி எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டோம், பிழைத்தது. இரண்டாவது ஒன்பதாம் நாள் எண்ணெய்க் குளியலில் கழன்று துண்டோடு வந்துவிட்டது, ஐந்து நாள் காசு போச்சு. சாதாரணக் குளியலுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது மேலே ஒட்டுகிற தனி பிளாஸ்திரி வாங்கிப் போடுகிறோம், சென்சார் இருக்கிற வாரங்களில் அந்தக் கைக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. பெட்டியில் எழுதியிருக்கிற வெப்பநிலையில்தான் வைக்கவேண்டும், சித்திரை வெயிலில் காரில் விட்டுவிடாதீர்கள். எடுத்த இடத்தில் தோல் சிவந்து இரண்டு நாள் அரித்தது, தேங்காய் எண்ணெய் தடவியதில் அடங்கிவிட்டது. எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் போனால் கழற்றவேண்டியிருக்கலாம், நாள் பார்த்து ஒட்டுங்கள்.

காசு விஷயம். எப்போதும் ஒட்டியிருக்க எங்களால் ஆகாது. மார்கழி, தை இரண்டு மாதமும் மருந்து மாற்றுகிற நேரம் என்பதால் மூன்று சென்சார், அப்புறம் பங்குனியில் ஒன்று. நான்காவதில் 70க்குக் கீழே 1 சதவீதத்துக்கும் குறைவு, எச்பிஏ1சி 7.4. இனி மூன்று மாதத்துக்கு ஒன்று போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நடுவில் விரலில் பார்க்கிறோம், வாரம் ஒரு ராத்திரி அம்மா மூன்று மணிக்கு எழுந்து. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம், அவர்கள் இந்தக் காசைப் போடவேண்டியதில்லை, அதில் பி12 பாருங்கள், காது கேட்கிறதா பாருங்கள், கண்ணாடி மாற்றுங்கள். தனியாக இருக்கிற, போன் பழக்கம் இல்லாத பெரியவர்களுக்கு ஒட்டினால் அலாரம் அடிக்கும்போது எழுப்ப ஆள் வேண்டும். அம்மா இல்லாவிட்டால் எங்களுக்கு இது பாதிதான் பயன்பட்டிருக்கும். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, அப்பா கையைப் பார்த்துவிட்டு, "இது அரசாங்கத்துல குடுத்தா எத்தனை பேருக்கு உதவும்ங்க" என்றார். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. குறைந்தபட்சம் மெடிக்கல் கடைகள் வாடகைக்கு விடுவது போல ஏதாவது ஏற்பாடு வந்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன், ஆனால் ஒருவர் தோலில் ஒட்டியது இன்னொருவருக்கு ஆகாது, அது நடக்காத காரியம்.

ஐந்துக்கு எவ்வளவு நட்சத்திரம் என்று தம்பி மனைவி கேட்டாள். எண்ணெய்க் குளியலுக்கும் விலைக்கும் ஒன்றைக் குறைத்து நாலு.

வைகாசியில் மஞ்சள் நடவு. வெயிலில் வரப்பும் தோட்டமுமாக அலைவார், சாப்பாட்டு நேரம் தவறும், அந்த இரண்டு வாரத்துக்கு ஐந்தாவதை ஒட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அப்பாவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "அந்தப் பொத்தான எப்பக் கண்ணு ஒட்டற? நடவுக்கு முன்னாடின்னு சொன்னயல்ல." சொல்லி மூன்று வாரம் ஆகிறது.